அண்டார்டிகாவுக்குக் கேமராப் பை கட்டுதல்

அண்டார்டிகத் தீபகற்பத்துக்குச் செல்லும் பயணக் கப்பல்களில் பெரும்பாலானவை அர்ஜென்டினாவின் உஷுவாயா துறைமுகத்திலிருந்து புறப்பட்டு, டிரேக் நீரிணையைக் கடக்க ஏறத்தாழ இரண்டு நாட்கள் எடுத்துக்கொள்கின்றன. அதற்கப்பால் கேமராக் கடை ஏதும் இல்லை என்ற அச்சத்தில், வீட்டிலுள்ள லென்ஸ்கள் அனைத்தையும் பையில் அடைப்பவர்களே அதிகம். பை எவ்வளவு கொள்ளும் என்று பார்ப்பதைவிட, கப்பலிலிருந்து கரைக்கு அழைத்துச் செல்லும் சோடியாக் ரப்பர் படகில் எவ்வளவு இடம் கிடைக்கும் என்று பார்த்துக் கருவிகளைத் தேர்ந்தெடுப்பதே சரி என்பது என் கருத்து.

அந்தப் படகில் பயணிகள் விளிம்பின் காற்றுக்குழாய் மீது தோளோடு தோள் உரச அமர்ந்திருப்பார்கள். உப்புநீர் சாரலாகத் தெறித்துக்கொண்டே இருக்கும். அங்கே லென்ஸை மாற்றுவது நடக்காத காரியம். எனவே அகலக் காட்சிக்கு 24-105 மி.மீ. லென்ஸ் ஒன்றும், தொலைவுக்கு 100-400 மி.மீ. லென்ஸ் ஒன்றுமாக இரண்டு கேமராக்களில் முன்கூட்டியே பொருத்திக்கொண்டு, நீர் புகாத பையில் வைத்திருப்பது போதுமானது. ஆடும் படகிலிருந்து எடுக்கும்போது ஷட்டர் வேகம் 1/1000 நொடிக்குக் குறையாமல் இருக்கட்டும். முக்காலியை வீட்டிலேயே விட்டுவிடலாம்.

உண்மையில் தயாரிப்பு பயணச்சீட்டிலிருந்தே தொடங்குகிறது. 500 பேருக்கு மேல் பயணிகளை ஏற்றிவரும் கப்பல்கள் அங்கே எவரையும் கரையிறக்க முடியாது; ஓரிடத்தில் ஒரே நேரத்தில் 100 பயணிகளுக்கு மேல் கரையில் இருக்கவும் கூடாது. ஆகவே 400 பேர் வரும் கப்பலில் முறை வைத்துக் காத்திருப்பதைவிட, நூறு பேர் மட்டுமே வரும் சிறிய கப்பலுக்குக் கூடுதல் பணம் கொடுப்பது, அதே பணத்தில் புதிய லென்ஸ் வாங்குவதைக் காட்டிலும் அதிகப் படங்களைத் தரும். மாதமும் முக்கியம்: நவம்பரில் பனி கறைபடாமல் இருக்கும், டிசம்பர் இறுதி முதல் பெங்குவின் குஞ்சுகள் தென்படும், பிப்ரவரி, மார்ச் மாதங்கள் திமிங்கிலங்களுக்கு உரியவை.

பெங்குவின்களிடமிருந்து குறைந்தது 5 மீட்டர் விலகி நிற்க வேண்டும் என்பது விதி. 2023-இல் தென் அட்லாண்டிக்கிலுள்ள தெற்கு ஜார்ஜியாத் தீவுப் பகுதியில் பறவைக் காய்ச்சல் கண்டறியப்பட்ட பிறகு, கரையில் உட்காருவதற்கும் மண்டியிடுவதற்கும் பையைத் தரையில் வைப்பதற்கும் கூடத் தடை வந்திருக்கிறது. பெங்குவினின் கண்மட்டத்தில் படுத்தபடி எடுக்கும் படத்தை மனத்தில் வைத்திருப்பவர்கள் அதை மறந்துவிட்டு, திருப்பிப் பார்க்கக்கூடிய திரையுள்ள கேமராவைத் தேடலாம். பையின் வெல்க்ரோவில் ஒட்டியிருக்கும் விதைகளையும் மண்ணையும் ஊரிலேயே சுத்தம் செய்துவிடுவது நல்லது. கப்பலிலும் அதைச் சோதிப்பார்கள்.

வெண்பனியைக் கேமராவின் ஒளிமானி சாம்பல் நிறமாக்கிவிடும். இதைப் பழக மரக்காணத்து உப்பளங்களே போதும். நண்பகலில் உப்புக் குவியல் ஒன்றைச் சட்டகம் நிறைய வைத்து எடுத்துவிட்டு, படத்தின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் எக்ஸ்போஷர் காம்பென்சேஷனை +1 அல்லது +1.5 வரை உயர்த்தி மீண்டும் எடுத்துப் பாருங்கள். அழுக்குத் துணிபோல் தெரிந்த உப்பு வெளுப்பதையும், ஒளி அளவைக் காட்டும் வரைபடமான ஹிஸ்டோகிராம் வலப்பக்கம் நகர்வதையும் காணலாம். இந்தப் பயிற்சியைக் கையுறை அணிந்தே செய்ய வேண்டும் (கிழக்குக் கடற்கரைச் சாலையில் போவோர் வருவோர் வேடிக்கை பார்க்கத்தான் செய்வார்கள்).

நவம்பர் முதல் மார்ச் வரையிலான அங்குள்ள கோடையில் தீபகற்பத்தின் வெப்பநிலை பெரும்பாலும் 0 டிகிரியை ஒட்டியே இருக்கும். பேட்டரியின் ஆற்றல் விரைவில் குறையும் என்பது உண்மை. உதிரி பேட்டரிகளைச் சட்டையின் உட்பையில் வைத்துக்கொண்டால் சமாளித்துவிடலாம். அதைவிட ஈரமே பெரிய எதிரி. குளிர்ந்த கேமராவை வெதுவெதுப்பான அறைக்குள் அப்படியே கொண்டுவந்தால் லென்ஸின் மேல் நீர் பூத்துவிடும். வெளியில் இருக்கும்போதே மெமரி கார்டை மட்டும் உருவிக்கொண்டு, கேமராவை ஜிப் வைத்த பிளாஸ்டிக் பைக்குள் இட்டு மூடிவிட்டால், அது அறையின் வெப்பத்துக்குப் பழகும் நேரத்தில் படங்களை மடிக்கணினிக்கு மாற்றிவிடலாம்.

1915-இல் ஷாக்கிள்டனின் அண்டார்டிகப் பயணக் கப்பலான எண்டூரன்ஸைப் பனி நெரித்தபோது, அதன் புகைப்படக்காரர் ஃபிராங்க் ஹர்லி படம் பதித்த சுமார் 400 கண்ணாடித் தகடுகளை உடைத்துவிட்டு 120-ஐ மட்டும் வைத்துக்கொண்டார். அதன்பின் அவர் கையில் இருந்தவை ஒரு சட்டைப்பைக் கேமராவும் மூன்று ஃபிலிம் சுருள்களும்தான். எதை விட்டுச்செல்வது என்று நம்மைப்போல் சோபாவில் அமர்ந்து யோசிக்கும் வசதி அவருக்கு இருக்கவில்லை.

விமானத்தில் உதிரி லித்தியம் பேட்டரிகள் கைப்பையில்தான் வர வேண்டும். டிரேக்கில் அலை உயரும் இரவுகளில் கேமராவை மேசைமேல் விட்டுவைக்காமல், கட்டிலோரம் தரையில் துணி சுற்றி வைத்துவிட்டுத் தூங்குங்கள்.