அப்பாரெத்

செப்டம்பர் 18, ரோம்

காலையிலிருந்து மழை. வகுப்பு பாந்தியன் என்ற பழைய ரோமானியக் கோயிலில். குவிமாடத்தின் உச்சியில் இருக்கும் வட்டத் திறப்பு வழியே மழை நேராகக் கோயிலுக்குள் இறங்கியது. பளிங்குத் தரையில் சிறு சிறு வடிகால் துளைகள். அவற்றில் தண்ணீர் சத்தமில்லாமல் மறைந்துகொண்டிருந்தது. முகப்பில் பெரிய எழுத்தில், கட்டியவர் என்று அக்ரிப்பாவின் பெயர். ஆனால் இப்போது நிற்கும் கட்டடம் பின்னால் வந்த பேரரசர் ஹாட்ரியன் காலத்தில் முடிந்தது. கல்லில் எழுதியிருப்பதை உடனே நம்பிவிடாதீர்கள் என்றார் பேராசிரியர்.

செப்டம்பர் 19

அக்கா ஃபோனை எடுக்கவில்லை.

செப்டம்பர் 23

தலைப்புகளைப் பிரித்துக் கொடுத்துவிட்டார்கள். எனக்கு எவுரிசாகெஸ் என்ற ரொட்டிக்காரரின் கல்லறை. இருபது நிமிடம், கல்லறையின் முன்னால் நின்றபடி, கையில் தாள் இல்லாமல் பேச வேண்டும். மூன்று வாரம் இருக்கிறது. அதற்குள் கிரேக்கத் தேர்வு ஒன்று, பழைய சுவர்களை அடையாளம் சொல்லும் சுவர்த் தேர்வு ஒன்று, தினமும் எண்பது வரி லத்தீன்.

செப்டம்பர் 25

டிராமில் போர்த்தா மஜ்ஜோரே என்ற பழைய நகர வாயிலுக்குப் போனேன். தலைக்கு மேலே, கி.பி. 52இல் பேரரசர் கிளாடியஸ் முடித்த, நகருக்குத் தண்ணீர் கொண்டுவந்த மேல்நிலைக் கால்வாயின் வளைவுகள். அவற்றுக்கு வெளியே ஒட்டினாற்போல் அந்தக் கல்லறை, கம்பி வேலிக்குள். கீழே கல் உருளைகள் நெட்டாக நிற்கின்றன. மேலே வட்ட வாய்கள் வரிசையாக நம்மைப் பார்த்துத் திறந்திருக்கின்றன. தானியம் அளக்கும் கலம் என்கிறார்கள் சிலர், மாவு பிசையும் தொட்டி என்கிறார்கள் சிலர். அறைத்தோழியின் தொலைநோக்கியை வாங்கிக்கொண்டு போனது நல்லதாயிற்று. உச்சியில் ஓடும் சிற்ப வரிசையில் கழுதை திரிகையைச் சுற்றுகிறது, ஆட்கள் சலிக்கிறார்கள், பிசைகிறார்கள், ஒருவன் நீளத் துடுப்பால் ரொட்டியை அடுப்புக்குள் தள்ளுகிறான், கடைசியில் தராசு. குனிந்து பிசைபவனின் முதுகை இரண்டாயிரம் ஆண்டுகளும் முழுக்கக் கரைத்துவிடவில்லை. சுற்றிலும் டிராம்கள் கிறீச்சிட்டுக்கொண்டே இருந்தன. ஒரு மணி நேரம் நின்றிருக்கிறேன்.

செப்டம்பர் 28

ஒரே ஒரு சொல் என்னைப் பிடித்துக்கொண்டது. 'ரொட்டி சுடுபவரும் ஒப்பந்தக்காரருமான மார்க்குஸ் வெர்கிலியுஸ் எவுரிசாகெஸின் நினைவிடம் இது' என்று சொல்லிவிட்டு, வரியின் கடைசியில் 'அப்பாரெத்' என்கிறது கல்வெட்டு. இதற்கு இரண்டு உரை. ஒன்று, 'தெரிகிறதல்லவா' என்பது. நம் உரையாசிரியர்கள் விளக்கம் வேண்டாத இடத்தில் 'வெளிப்படை' என்று எழுதிவிட்டு நகர்வார்களே, அதுபோல. மற்றொன்று, அது ஒரு பதவியைக் குறிக்கிறது, அதிகாரி ஒருவருக்கு ஏவலராக இருந்தவர் என்பது. முதலாவதாக இருந்தால் கல்லறையே பேசுகிறது. இரண்டாவதாக இருந்தால் அரசாங்க ஊழியம் பார்த்ததைப் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறார். இரண்டும் வேறு வேறு மனிதர்கள். இவர் விடுதலை பெற்ற அடிமையாக இருக்கலாம் என்று பலர் கருதுகிறார்கள். கல் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை.

இரவு இரண்டு மணி. தூக்கம் வரவில்லை.

செப்டம்பர் 30

சுவர்த் தேர்வு. ஒழுங்கற்ற கற்களைப் பதித்தது ஒன்று, சதுர முகங்களைச் சாய்த்து வலைபோல் அடுக்கியது ஒன்று, செங்கல் முகம் வைத்தது ஒன்று. கண்ணால் பார்த்துப் பெயரும் காலமும் சொல்ல வேண்டும். இப்போதெல்லாம் தெருவில் போகும்போதுகூடக் கை சுவரைத் தடவிப் பார்க்கிறது.

அத்தான் பேசினார். "ரிப்போர்ட் வரட்டும்மா, நீ படி" என்றார். குரல் சரியில்லை.

அக்டோபர் 2

ஃபோரம் என்ற பழைய ரோமானிய மன்றத்தில், பேரரசர் மாக்செந்தியுஸின் பெரிய மண்டபத்துக்கு அடியில், அவருக்கு முந்தைய பேரரசர் டொமிஷியன் காலத்து மிளகுக் கிடங்குகள். மிளகுக்கான லத்தீன் சொல்லை, 'பிப்பேர்' என்று பேராசிரியர் சொன்னதும் எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். அந்த மூட்டைகளைக் கப்பலில் ஏற்றியவர்களின் பெயர் ஒன்றாவது எந்தக் கல்லிலாவது இருக்குமா என்று மட்டும் நினைத்துக்கொண்டேன்.

அக்டோபர் 3

தெரிகிறதல்லவா? ஏவலரா?

அக்டோபர் 6

கல்லறைக்குப் பக்கத்தில் கிடைத்த இன்னொரு கல்வெட்டை இன்று நூலகத்தில் எழுத்தெழுத்தாகப் படித்தேன். 'அதிஸ்தியா எனக்கு மனைவியாக இருந்தாள். மிக நல்ல பெண்ணாக வாழ்ந்தாள். அவள் உடலில் எஞ்சியது இந்த ரொட்டிக் கூடையில் இருக்கிறது.' கணவன் பெயர் இல்லை. கிடைத்த இடத்தையும் 'ரொட்டிக் கூடை' என்ற சொல்லையும் வைத்துத்தான் இவள் எவுரிசாகெஸின் மனைவி என்கிறார்கள். முதல் சொல் 'ஃபூயித்'. இருந்தாள். தமிழிலும் அந்த ஒரு சொல்லே போதும், இப்போது இல்லை என்பது அதற்குள்ளேயே இருக்கிறது.

ஊழியம் பற்றிய பெருமை எதுவும் இதில் இல்லை. தான் தினமும் கையில் எடுத்த பொருளுக்குள் அவளை வைத்திருக்கிறார்.

அக்காவுக்கு மூன்று முறை அடித்தேன்.

அக்டோபர் 9

லத்தீன் தேர்வில் இரண்டு வரிகளுக்கு அசை பிரித்தது தவறு. உயிரும் உயிரும் சேரும் இடத்தில் முன்னது மறைந்துவிடும் என்று தெரிந்தும், மறைக்காமல் எண்ணியிருக்கிறேன். குற்றியலுகரம் படித்தவள் நான். மதிப்பெண் இன்னும் இரண்டு புள்ளி குறைந்தால் உதவித்தொகை போய்விடும். கோபமாக இருக்கிறது, யார் மீது என்று தெரியவில்லை.

அக்டோபர் 13

கண்ணாடி முன் நின்று நான்கு முறை பேசிப் பார்த்தேன். பத்தொன்பது நிமிடம். 1838இல், கல்லறையை மூடிக் கட்டியிருந்த மதில் கோபுரத்தை இடித்தபோதுதான் இந்தக் கல்லறை வெளியே வந்தது என்ற இடத்தில் மூச்சு வாங்குகிறது. அப்பாரெத்துக்கு இரண்டு உரையையும் சொல்வதா, ஒன்றில் நிற்பதா?

அக்டோபர் 14

பேசிவிட்டேன். டிராம் வரும்போதெல்லாம் நிறுத்தி, போனதும் தொடர்ந்தேன். இரண்டு உரையையும் சொன்னேன். "நீங்கள் எந்தப் பக்கம்?" என்று பேராசிரியர் கேட்டார். "தெரிகிறதல்லவா" என்ற பக்கம் என்றேன். ரொட்டி வேலையைக் கல்லறையின் உச்சியைச் சுற்றிச் செதுக்கி வைத்தவர் அதைப் பாருங்கள் என்றுதான் சொல்லியிருப்பார் என்றேன். அவர் தலையசைக்கவில்லை, மறுக்கவும் இல்லை. குறிப்பேட்டில் எதையோ எழுதினார்.

திரும்பும் வழியில் ஃபோனைப் பார்த்தேன். அக்காவின் எண்ணிலிருந்து இரண்டு அழைப்புகள். திரும்ப அடித்தால் மணி போய்க்கொண்டே இருக்கிறது.

அக்டோபர் 15

நாளை ரோமின் பழைய துறைமுக நகரான ஓஸ்தியா. பஸ் ஆறே முக்காலுக்கு. ஃபோனைத் தலைமாட்டில் வைத்திருக்கிறேன்.