பதிமூணாவது பாட்டு

ஜனவரி 9
அம்மாவோட ரிப்போர்ட் இன்னும் வரல.

ஜனவரி 10
முதல் ரிகர்சல். ஷூபர்ட்டோட விண்டர்ரைஸ, அதாவது 'குளிர்காலப் பயணம்', காதல் முறிஞ்சு ஊரை விட்டுப் போறவன் பாடுறது, ஒரு குரலும் பியானோவும். அதோட 24 பாட்டையும் வச்சுக்கிட்டு, எங்க கம்போஸர் பியானோ பார்ட்ட மட்டும் பிரிச்சு வயோலா, கிளாரினெட், அக்கார்டியனுக்குப் பங்கு போட்டிருக்கான், நடுநடுவுல புதுசா அஞ்சு கவிதைக்கு இவனே மெட்டு. பியானோ வாசிக்கிற நான் பாதி நேரம் கையக் கட்டிட்டு உக்காந்திருக்கணும். 1993ல ஹான்ஸ் ட்சென்டர்னு ஒரு கம்போஸர் இதையே சின்ன ஆர்கெஸ்ட்ராவுக்கு மாத்தி எழுதினத கேட்டு ஆகா ஓகோன்னவதான் நானும். அதுல என் வேலை போகலையே.

ஜனவரி 11
புதுக் கவிதை அஞ்சும் அவன் விட்டுட்டுப் போற பொண்ணு பேசுறது. முதல் பாட்டுல ராத்திரியோட ராத்திரியா கிளம்புறவன் அவ வீட்டு கேட்டுல 'குட் நைட்'னு எழுதிட்டுப் போறான், நீ பாக்கணும்னுதான் எழுதினேங்குறான். பாத்தாளா, என்ன நெனச்சா, மூலக் கவிதைய எழுதின ம்யூல்லர் ஒரு வரி எழுதல. இதுல அவ ஈரத்துணிய எடுத்துட்டு வந்து தொடைக்கிறா. மெட்டு ஒண்ணும் பெரிசில்ல, ரெண்டே சுரம், ஆனா ட்ராம்ல வர்ற வழியெல்லாம் தொடைச்சுட்டே இருந்தா.

ஜனவரி 13
வீட்டுல போன் எடுக்கல. அங்க பதினொண்ணரை, தூங்கியிருப்பாங்க.

ஜனவரி 14
சண்டை. 13வதா இருக்கற தபால் பாட்டை லிண்டன் மரம் பாட்டுக்கு அடுத்து ஆறாவதா வைக்கணுமாம், ம்யூல்லரோட 1824 புஸ்தகத்துல அப்படித்தான் இருக்காம். இருக்குதான். ஷூபர்ட்டுக்கு 1827ல முதல்ல கெடச்சது 12 கவிதைதான், அதோட முடிஞ்சுதுன்னு நெனச்சிருப்பார், மிச்சம் 12 அப்புறம் கெடச்சதும் கிட்டத்தட்ட அப்படியே பின்னாடி கோத்துட்டார். தற்செயல்தான், ஒத்துக்கறேன். ஆனா 12 பாட்டு நடந்து நடந்து, தனிமைன்னே பேர் வச்ச பாட்டோட எல்லாம் அடங்கி உக்காந்த அப்புறம் திடீர்னு தபால் வண்டிக் கொம்பு, குதிரைக் குளம்பு, மனசு எகிறுது, உடனே உனக்கு லெட்டர் இல்லன்னு அவனே மனசுகிட்ட சொல்லிடறான். ஆறாவதா வந்தா அது வெறும் தபால். இத்தன நாளுக்கு அப்புறமும் எகிறுதே, அதுதானே விஷயம்? கத்திட்டேன். கிளாரினெட் வாசிக்கிற பொண்ணு டீ போட்டுக் குடுத்தா.

ஜனவரி 15
போன் அடிச்சுது. பேங்க்.

ஜனவரி 17
இங்க வியன்னாவுல கெட்டன்ப்ரூக்கன்காஸ தெரு 6, வாசலோட நின்னுட்டு வந்துட்டேன். ஷூபர்ட்டோட அண்ணன் பெர்டினாண்ட் வீடு. 1828 நவம்பர்ல இங்க படுத்துக்கிட்டேதான் ரெண்டாம் பாதிக்கு ப்ரூப் திருத்தினார், 19ம் தேதி போயிட்டார். 31 வயசு. ம்யூல்லர் முதல் பாதி அச்சாகுறதுக்கு முன்னாடியே, 32 வயசுல.
தம்பி பேசினான். டெஸ்ட்ட இன்னொரு தடவ பாக்கறதுக்கு வேற ஊருக்கு அனுப்பியிருக்காங்களாம். அம்மாவ வாசல் தெளிக்க விடலையாம், அதுக்கு அவன்கிட்ட ஒரே சண்டை.

ஜனவரி 20
தபால் பழைய இடத்துலயே. அவனே மாத்திட்டான். ஆனா அதுக்கு முன்னாடி அந்தத் தொடைக்கிற பாட்டை நுழைச்சிருக்கான். நல்லா வேற இருக்கு.

ஜனவரி 21
கடைசிப் பாட்டு பியானோவுக்கே. பனியில வெறுங்காலோட, வாத்தியத்தோட கைப்பிடிய சுத்தி வாசிச்சுட்டு நிக்கற கிழவன், அது அக்கார்டியனுக்குத்தான் போகும்னு இருந்தேன். இடது கைல ஏ, ஈ, கடைசி வரைக்கும் அதே ரெண்டு சுரம். முதல் ரெண்டு தாளக்கட்டுல மட்டும் குட்டியா ஒரு சுரம் உரசும், சுதி சேராத மாதிரி, அப்புறம் அதுவும் கெடையாது. தம்புரா மாதிரின்னு யாரோ சொன்னாங்க. இல்லவே இல்ல. பின்னாடி தம்புரா இருந்தா தைரியமா இருக்கும்.

ஜனவரி 22
டிக்கெட் போட்டாச்சு, நாளைக்குக் காலைல. பியானோவுக்கு வேற பொண்ணு வர்றா, பென்சில்ல எழுதினத அழிக்காம நோட்ஸ குடுத்துட்டேன். பதிமூணுல குதிரைய ரொம்ப ஓட விடாதேன்னு சொல்ல மறந்துட்டேன்.