கத்ரி கோபால்நாத் நினைவு நாள்

சாக்சபோனில் கர்நாடக இசை வாசித்த கத்ரி கோபால்நாத் 2019ஆம் ஆண்டு அக்டோபர் 11இல் மறைந்தார். நாகசுரக் கலைஞரின் மகன். மைசூர் அரண்மனை பேண்டு வாத்தியத்தில் சாக்சபோனைக் கேட்டு, அதன் பின்னாலேயே போனவர்.

வீணையில் தந்தியை இழுக்கலாம். நாகசுரத்தில் துளையை விரலால் பாதி மூடலாம். சாக்சபோனிலோ துளைகளை மூடித் திறப்பவை உலோகச் சாவிகள். அதில் தோடி ராகத்தின் காந்தார ஸ்வரத்தை அசைத்து வாசிக்க உதட்டின் அழுத்தமும் மூச்சும்தான் துணை. எத்தனை ஆண்டுப் பிடிவாதம் இது! மேற்கத்திய வாத்தியத்தில் கர்நாடக இசையா என்று முகம் சுளித்தவர்களுக்கு வாசித்தே பதில் சொன்னார். சென்னையில் டி.வி. கோபாலகிருஷ்ணனிடம் பயின்றார். 1994இல் லண்டன் பிபிசி புராம்ஸ் இசை விழா மேடை, 2004இல் பத்மஸ்ரீ, ஜாஸ் கலைஞர்களோடும் கச்சேரிகள்.

விருதுகளைவிட, அவரிடம் கற்றவர்கள் இன்று கச்சேரி செய்வதே எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

என் அக்காள் மகன் உயர்நிலைப் பள்ளியில் இணைப்பாட நடவடிக்கையாக ஆல்ட்டோ சாக்சபோன் வாசிக்கிறான். கத்ரியின் பதிவுகளைக் கேட்டதிலிருந்து, "மாமா, எனக்கு இது வேண்டும்" என்கிறான். சிங்கப்பூரில், தொடக்கப் பாடங்களுக்குரிய மாயாமாளவகௌளை ராகத்திலிருந்து முறையாகச் சொல்லித்தரும் சாக்சபோன் ஆசிரியர் யாரையாவது அறிந்தால் எனக்குத் தெரிவியுங்கள். தெம்பனிஸ் பக்கம் என்றால் மிகவும் நல்லது.