டக்கார் பியனாலே: நுழைவுக்குக் காசில்லை, டாக்ஸிக்குத்தான் செலவு

முதலில் காசு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். கிளம்புவதற்கு முன் எனக்கிருந்த பெரிய கவலை அதுதான். டக்கார் பியனாலேயைப் பார்க்க நுழைவுக் கட்டணம் கிடையாது. ஆப்பிரிக்கச் சமகாலக் கலைக்கென்றே இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை நடக்கும் இவ்வளவு பெரிய கண்காட்சிக்குள், செனகல் தலைநகரில் சந்தைக் கூடையோடு வரும் அம்மாவும் பாரிஸிலிருந்து ஓவியம் வாங்க வந்த பணக்காரரும் ஒரே வாசல் வழியாகப் போகிறார்கள். பணம் கரைவதெல்லாம் விமான டிக்கெட்டிலும் டாக்ஸியிலும்தான். துபாய் வழியாகப் போய் வந்த டிக்கெட்டுக்கு நான் கொடுத்ததைச் சரிக்கட்ட இன்னும் பல மாதம் ஆகும். இருந்தும் சொல்கிறேன்: ஆப்பிரிக்கக் கலையைப் பார்க்க லண்டனுக்கும் பாரிஸுக்கும் போவதாக இருந்தால், அந்தக் காசை எடுத்துக்கொண்டு டக்காருக்குப் போங்கள்.

நான் பார்த்தது 2024-ல் நடந்த 15-வது பியனாலே. 1990-ல் இலக்கியத்துக்காக ஆரம்பித்து, 1992-ல் ஓவியம், சிற்பம் பக்கம் வந்து, 1996 முதல் ஆப்பிரிக்கச் சமகாலக் கலைக்கு மட்டும் என்று ஆனது. வழக்கமாக மே மாதம் நடக்கும். அந்த முறையும் மே 16 என்று தேதி குறித்திருந்தார்கள். ஏப்ரலில் புதிய அரசு வந்தது. தொடங்கச் சில வாரங்களே இருக்கும்போது நவம்பருக்குத் தள்ளிவைத்துவிட்டார்கள். அந்தச் செய்தியைப் படித்தபோது டிக்கெட் எடுத்துவிட்டவர்களை நினைத்து வயிறு எரிந்தது. ஆனால் டக்காரின் காலரிகளும் ஓவியர்களும் என்ன செய்தார்கள் தெரியுமா? பலர் மே மாதமே தங்கள் கண்காட்சிகளைத் திறந்துவிட்டார்கள். அரசு வரும்போது வரட்டும் என்று. நவம்பர் 7 முதல் டிசம்பர் 7 வரை அதிகாரபூர்வ பியனாலே நடந்தபோது மறுபடியும் திறந்தார்கள்.

முதன்மைக் கண்காட்சி நடந்த இடம் பழைய நீதிமன்றம். ஊரின் தெற்கு முனையில், காப் மானுவேல் என்ற கடலோர மேட்டில் நிற்கும் பெரிய கான்கிரீட் கட்டடம். 1950களில் பிரெஞ்சுக்காரர்கள் காலத்தில் கட்டியது. சுவர் விரிசல் விட்டு, இடிந்துவிடும் என்று பயந்து நீதிமன்றத்தை வெளியே மாற்றினார்கள். பல ஆண்டுகள் ஆளில்லாமல் கிடந்தது. 2016-லிருந்து பியனாலே இங்கேதான். உள்ளே நுழைந்தால் வரிசையாக உயரமான தூண்கள், நடுவில் வானம் பார்த்த முற்றம், சுற்றிலும் அறைகள். சுண்ணாம்பு உதிர்ந்த சுவர்களை மறைக்கவே முயலவில்லை. கடல் காற்று அறைக்குள் வந்து போகிறது. கைதிகளும் வக்கீல்களும் காத்துக்கிடந்த தாழ்வாரத்தில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஓடுகிறார்கள். குளிரூட்டிய வெள்ளை அறைகளில் படம் பார்த்துப் பழகிய எனக்கு அந்த இடத்தை விட்டு வர மனசே இல்லை.

இந்த இடத்தில் ஒரு பழைய கதையைச் சொல்லியே ஆக வேண்டும். செனகலின் முதல் அதிபர் லெயோபோல்ட் செதார் செங்கோர் ஒரு கவிஞர். 1966 ஏப்ரலில் உலகக் கறுப்பினக் கலைவிழாவை இதே டக்காரில் நடத்தினார். அதற்காகவே கடற்கரையில் ஒரு அருங்காட்சியகம் கட்டினார்கள், மியூஸே தினாமிக் என்று பெயர். செங்கோர் பதவியிலிருந்து போன பிறகு வந்த அரசு அந்த அருங்காட்சியகத்தை எடுத்து உச்ச நீதிமன்றத்துக்குக் கொடுத்துவிட்டது. அங்கே கலையை வெளியேற்றி நீதிமன்றம் வைத்தார்கள். இங்கே நீதிமன்றம் காலியான இடத்தில் கலை வந்து உட்கார்ந்திருக்கிறது. 1983-ல் இன்னும் மோசம். கடலோரத்தில் பழைய ராணுவ முகாமில் ஓவியர்கள் குடியிருந்து வேலை செய்த கலைக் கிராமத்தைப் படையை அனுப்பிக் காலி செய்தார்கள். படைப்புகளைத் தூக்கி வெளியே போட்டார்கள். ஓவியருக்கு வண்ணமும் துணியும் எப்படியாவது கிடைத்துவிடும், நின்று வேலை செய்ய இடம்தான் கிடைக்காது. டக்காரின் கலை வரலாறு முழுக்க இந்த இடச் சண்டைதான் என்று எனக்குத் தோன்றுகிறது. அதனால்தான் விரிசல் விட்ட அந்த நீதிமன்றம் எனக்கு அவ்வளவு பிடித்தது.

இந்த முறை கலை இயக்குநர் சலிமதா தியோப். கப்பல் கடந்து போன பின் நீரில் நிற்கும் தடமும், தூக்கம் கலைந்து விழிப்பதும் கருப்பொருள். அடிமைக் கப்பல்கள் போன கடல் பக்கத்திலேயே இருக்கும்போது இதற்கு விளக்கம் எதுவும் வேண்டியிருக்கவில்லை. செங்கோர் பெயரிலான பெரும் பரிசு கரீபியக் கடலிலுள்ள மார்த்தினிக் தீவைச் சேர்ந்த அனியெஸ் பிரெசெஃபினுக்குப் போயிருக்கிறது. அவருடைய படைப்பு, நூலும் இழையுமாக ஒரு அறை. சரியான தேர்வு. காணொளிப் படைப்புகள் பாதி என்னை அசைக்கவில்லை. இருட்டறையில் தலையணி மாட்டி நிற்பதற்காகவா இவ்வளவு தூரம் வந்தோம் என்றுதான் இருந்தது. கையால் செய்தவற்றின் முன்னால்தான் கூட்டமும் நின்றது, நானும் நின்றேன்.

என்னை அடித்துப் போட்டது இன்னொரு இடம். சொவெட்டோ சதுக்கத்தில் இருக்கும் தியோதோர் மோனோ அருங்காட்சியகத்தில் அந்தா ஜெர்மேன் காயேவுக்கு மரியாதை செய்யும் கண்காட்சி வைத்திருந்தார்கள். அவர் கண்ணாடியின் பின்பக்கம் வரைகிறவர். நம் தஞ்சாவூர்க் கண்ணாடிப் படங்கள் மாதிரியே, முன்னால் தெரிய வேண்டியதை முதலில் வரைந்து, பின்னணியைக் கடைசியில் பூசும் தலைகீழ் வேலை. தவறினால் அழித்து மேலே பூச முடியாது. செனகலில் இதற்கு நூறு ஆண்டுக்கு மேல் வரலாறு இருக்கிறது. பிரெஞ்சு நிர்வாகம் வெளியிலிருந்து வந்த இஸ்லாமியப் படங்களைத் தடுக்கப் பார்த்தபோது, உள்ளூர்க்காரர்கள் அவற்றைக் கண்ணாடியில் தாங்களே வரைந்துகொண்டார்கள். சந்தையில் விற்கும் மலிவான படமாக இருந்ததை, உலோகத்தையும் தங்கத் தகட்டையும் சேர்த்து வேறு உயரத்துக்குக் கொண்டுபோனவர்களில் காயே முக்கியமானவர். எனக்கு முன்னால் ஒரு சிறுமி கண்ணாடிக்கு மூக்கை ஒட்டி நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். காவலர் அவளை விரட்டவில்லை. அவள் நகரும் வரை நானும் காத்திருந்தேன்.

அப்புறம் ஓஃப். அதிகாரபூர்வப் பட்டியலுக்கு வெளியே, ஊர் முழுக்க நடக்கும் நூற்றுக்கணக்கான கண்காட்சிகளை அங்கே இப்படித்தான் சொல்கிறார்கள். ஓட்டல் வரவேற்பறை, உணவகம், மருந்துக் கடைக்கு மேல் மாடி, யாருடைய வீட்டு முற்றமோ, எங்கே வேண்டுமானாலும் இருக்கும். ஊரின் மையமான பிளாட்டோ பகுதியில் காலரி காலரியாக நடந்தே பார்த்துவிடலாம். மெதினா என்ற பழைய குடியிருப்புப் பகுதியின் சந்துகளில் வீட்டுச் சுவர்களே ஓவியம். 1913-ல் எடுத்த ஒரே ஒரு புகைப்படத்தில் வெள்ளைத் துணியால் பாதி முகத்தை மூடி நிற்கும் அமது பம்பா என்ற சூஃபிப் பெரியவர், சுவர்களிலும் கடைகளிலும் வண்டிகளிலும் ஊரெங்கும் நிற்கிறார். நேரம் குறைவாக இருந்தால் முதன்மைக் கண்காட்சிக்கு ஒரு நாள், மீதி எல்லாம் ஓஃபுக்கு. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

இப்போது டாக்ஸி. மஞ்சளும் கறுப்புமாக ஓடும் டக்கார் டாக்ஸியில் மீட்டர் இல்லை. ஏறுவதற்கு முன் பேச வேண்டும். பிளாட்டோவிலிருந்து இப்போதைய கலைக் கிராமத்துக்குப் போக 2,500 ஃபிராங்குக்குப் பேசி ஏறினேன். (ஃபிராங்குதான் அங்கே நாணயம்; அப்போது ஒரு ரூபாய்க்கு ஏழு ஃபிராங்குக்குச் சற்று மேல் கிடைத்தது.) வழியெல்லாம் ஓட்டுநர் நன்றாகப் பேசிக்கொண்டு வந்தார். இறங்கும்போது 6,000 என்றார். நெரிசலாம், சுற்றுப் பாதையாம், பெட்ரோல் விலையாம். பேசிய பேச்சு பேச்சுதான் என்று நான் உடைந்த பிரெஞ்சில் சொல்ல, அவர் உள்ளூர் மொழியான வொலோஃபில் கத்த, வாசலில் கஃபே தூபா விற்றுக்கொண்டிருந்த அம்மா எழுந்து வந்தார். ஓட்டுநரிடம் ஏதோ நாலு வார்த்தை சொன்னார். ஓட்டுநர் 2,500-ஐ வாங்கிக்கொண்டு போய்விட்டார். அந்த அம்மாவிடம் ஒரு கோப்பை காப்பி வாங்கினேன். கினி மிளகு போட்டுக் காய்ச்சிய காரமான காப்பி, தொண்டையில் இறங்கும்போதே உடம்பு விழித்துக்கொள்கிறது. வெளிநாட்டு முகத்தைப் பார்த்ததும் விலையை இரண்டு மடங்காக்குவதை நான் எந்த ஊரிலும் மன்னிப்பதில்லை. அன்று மாலை திரும்பி வந்தது கார் ரப்பீதில். நீலமும் மஞ்சளும் அடித்து, முன்புறம் கண்ணும் பக்கவாட்டில் பூவும் வரைந்த பழைய பிரெஞ்சு வேன். பின்கதவில் தொங்கும் பையன் தகரத்தில் தட்டினால் வண்டி நிற்கும். கட்டணம் சில நூறு ஃபிராங்குக்குள் முடிந்தது. முழங்கால் முன் இருக்கையில் இடித்துக்கொண்டே வந்தாலும் யாரோடும் சண்டை போட வேண்டியிருக்கவில்லை.

1983-ல் விரட்டியதற்குப் பதிலாகப் பதினைந்து ஆண்டு கழித்து, 1998-ல், கொடுத்த இடம்தான் இன்றைய கலைக் கிராமம். ஊரின் விளையாட்டு அரங்கைக் கட்ட வந்த சீனத் தொழிலாளர்கள் தங்கியிருந்த குடியிருப்பு. மரத்தடியில் வரிசையாகச் சின்னச் சின்ன வீடுகள், ஒவ்வொன்றிலும் ஒரு ஓவியரோ சிற்பியோ. கதவு திறந்திருந்தால் உள்ளே போகலாம். ஒருவர் இரும்புக் கம்பியை வெட்டிக்கொண்டிருந்தார், இன்னொருவர் ஈரத் துணியைக் காயப்போட்டுக்கொண்டிருந்தார். இருவரும் வேலையை நிறுத்திவிட்டுப் பேசினார்கள். 1983-ல் விரட்டப்பட்டவர்களில் எல் ஹாஜி சி என்ற ஓவியர் முக்கியமானவர். செங்கோர் காலத்து அழகியலை எதிர்த்துக் காலால் வரைந்தவர். விலை உயர்ந்த துணியை விட்டுவிட்டு அரிசி வந்த சணல் சாக்கில் வரைந்தவர்.

அரிசி என்றதும் செபுஜென் என்ற செனகல் மீன் சாதத்துக்கு வந்துதானே ஆக வேண்டும். இந்தப் பயணத்தில் நான் சாப்பிட்ட மிகச் சிறந்த சாப்பாடு சும்பெஜூன் மீன் சந்தைப் பக்கம், பெயர்ப் பலகை இல்லாத ஒரு கொட்டகையில், 1,500 ஃபிராங்குக்கு. தக்காளியில் வெந்து சிவந்த சாதம். மேலே பெரிய மீன் துண்டு, அதன் வயிற்றில் அரைத்துத் திணித்த பூண்டும் மிளகாயும் பச்சை இலையும். பக்கத்தில் மரவள்ளி, கேரட், கோஸ், கத்தரிக்காய். புளி உண்டு. கருவாட்டு வாசனை உண்டு. அடியில் பிடித்த காந்தலைச் சுரண்டித் தனியாக வைக்கிறார்கள், அதற்குப் போட்டி நடக்கிறது. பெரிய தட்டைச் சுற்றி ஐந்தாறு பேர் உட்கார்ந்தோம். அவரவர் முன்னால் இருப்பதை அவரவர் சாப்பிட வேண்டும். பரிமாறிய அம்மா நடுவிலிருக்கும் மீனைப் பிய்த்து என் பக்கம் தள்ளிக்கொண்டே இருந்தார். 2021-ல் யுனெஸ்கோ இந்தச் சாப்பாட்டை மரபுப் பட்டியலில் சேர்த்தது. சேர்க்காமல் இருந்திருந்தால்தான் எனக்குக் கோபம் வந்திருக்கும்.

அந்தச் சாதம் முழு அரிசி இல்லை, நொய். பிரெஞ்சு ஆட்சியில் இந்தோசீனாவிலிருந்து நொய்யை இறக்கிப் பழக்கிவிட்டார்கள், பிறகு அதுவே ருசியாகிவிட்டது. இன்று அந்த நொய்யில் பெரும் பங்கு இந்தியாவிலிருந்து போகிறது. 2022 செப்டம்பரில் நம் அரசு நொய் ஏற்றுமதியைத் தடை செய்தபோது செனகலுக்கு அது பெரிய அடி, அப்புறம் அவர்களுக்குத் தனி விலக்கு கொடுத்தார்கள். நம் ஊரில் ஒரு உத்தரவு போட்டால் டக்காரில் ஒரு வீட்டு அடுப்பில் தெரிகிறது என்பதை அந்தத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தபோது நினைத்துக்கொண்டேன்.

கோரே தீவுக்குத் துறைமுகத்திலிருந்து படகு, இருபது நிமிடம். வெளிநாட்டவருக்குக் கட்டணம் 5,000 ஃபிராங்குக்கு மேல். உள்ளூர்க்காரருக்கு மிகக் குறைவு, அது நியாயம்தான். 1776-ல் கட்டிய அடிமைகள் இல்லத்தில் அடிமைகளைக் கப்பலேற்றியதாகச் சொல்லப்படும், கடலைப் பார்த்த அந்தக் குறுகிய வாசலைப் பற்றி எழுத எனக்கு வார்த்தை வரவில்லை. போய்ப் பாருங்கள். காலை முதல் படகில் போங்கள், பத்து மணிக்கு மேல் கூட்டம். பியனாலே நாட்களில் தீவின் வீட்டு முற்றங்களிலும் படைப்புகள் வைக்கிறார்கள், தீவில் கார் கிடையாது, நடந்தே பார்க்கலாம்.

கறுப்பின நாகரிகங்கள் அருங்காட்சியகத்தையும் விடாதீர்கள். செங்கோர் 1966-ல் கண்ட கனவு 2018 டிசம்பரில்தான் திறந்தது, அதுவும் சீனப் பணத்தில். நுழைந்ததும் எதுவார் துவால் காரியே என்ற ஹைத்தி நாட்டுக் கலைஞர் இரும்பில் செய்த பெருக்கமரம், 18 மீட்டர் உயரத்தில் நிற்கிறது.

கேட்கப்போகிறவர்களுக்காகச் சில விஷயங்கள். அடுத்த பியனாலே 2026-ல் வர வேண்டும். தேதி மாறும் என்று எடுத்துக்கொண்டு, மாற்றக்கூடிய டிக்கெட்டாக வாங்குங்கள், கொஞ்சம் கூடுதலாக ஆனாலும் பரவாயில்லை. விமான நிலையம் ஊரிலிருந்து 45 கிலோமீட்டருக்கு மேல். இரவில் இறங்கினால் டாக்ஸிக்காரர்கள் சொல்வதுதான் விலை, அதனால் பகலில் இறங்கப் பாருங்கள். பிளாட்டோவில் தங்கினால் அறை வாடகை கூடுதல், ஆனால் டாக்ஸிக் காசு மிச்சம். கணக்குப் போட்டால் சமமாகிவிடுகிறது. மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியைக் கிளம்புவதற்குப் பத்து நாளுக்கு முன்பே போட்டிருக்க வேண்டும். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில் போடுகிறார்கள். அந்த மஞ்சள் அட்டையைப் பாஸ்போர்ட்டோடு சேர்த்தே வைத்திருங்கள். திரும்பி வரும்போது நம் விமான நிலையத்தில் கேட்பார்கள், இல்லாவிட்டால் ஆறு நாள் வரை தனிமைப்படுத்தி வைத்துவிடுவார்கள்.