ஃபுல் திக்னஸ் டியர் என்றால் தசைநாண் அறுந்துவிட்டதா?

தோள்பட்டை எம்ஆர்ஐ அறிக்கையில் ஆளைப் பதற வைக்கும் வரி இதுதான்: "சுப்ராஸ்பைனேட்டஸ் தசைநாணில் ஃபுல் திக்னஸ் டியர், 14 x 11 மிமீ." சுப்ராஸ்பைனேட்டஸ் என்பது தோள் மூட்டைச் சுற்றிப் பிடித்திருக்கும் நான்கு தசைகளில் மேலே இருப்பது; டியர் என்றால் கிழிசல். அந்த வரியைப் படித்தவுடன், மொத்தமாக அறுந்துவிட்டது என்றே நினைத்துவிடுகிறார்கள். இல்லை. தசையை எலும்போடு இணைக்கும் இந்தத் தசைநாண் அகலமான பட்டை நாடா மாதிரி. அதில் மேற்பரப்பிலிருந்து அடிப்பரப்பு வரை ஓட்டை விழுந்தால் அது ஃபுல் திக்னஸ். ஓட்டைக்கு முன்னும் பின்னும் நாடா எலும்பைப் பிடித்துக்கொண்டே இருக்கலாம். அகலம் முழுக்க எலும்பை விட்டு வந்தால்தான் கம்ப்ளீட் டியர். பேச்சில் எல்லாவற்றையும் "ஜவ்வு கிழிஞ்சிருக்கு" என்று சொல்லிவிடுவதால் இந்த வேறுபாடு அமுங்கிப்போகிறது.

அடுத்து அந்த இரண்டு எண்கள். ஒன்று முன்பின் அகலம். தோளைப் பக்கவாட்டிலிருந்து பார்க்கும் சஜிட்டல் படத்தில் அளப்பது. மற்றொன்று, கிழிந்த முனை எலும்பை விட்டு உள்ளே எவ்வளவு தள்ளியிருக்கிறது என்பது. முன்னாலிருந்து பார்க்கும் கொரோனல் படத்தில் தெரியும். டி2 (நீரை வெள்ளையாகக் காட்டும் எம்ஆர்ஐ வகை) படத்தில் நல்ல தசைநாண் கறுப்பாக இருக்கும். கிழிசலில் நீர் புகுந்து வெள்ளையாகத் தெரியும். அந்த வெள்ளையின் ஓரத்திலிருந்து ஓரம் வரை அளக்கிறார்கள். அதிகபட்ச அளவு 1 செமீக்குள் என்றால் சிறியது, 1 முதல் 3 வரை நடுத்தரம், 3 முதல் 5 வரை பெரியது, 5 செமீக்கு மேல் மிகப்பெரியது. இரண்டு தசைநாண்கள் முழுக்கப் பிரிந்திருந்தால், செமீ கணக்கைப் பார்க்காமலே மிகப்பெரியது என்று சொல்வோரும் உண்டு. எங்களுக்கு அதுவே சரியாகப் படுகிறது: சிறிய உடல்வாகுள்ளவரின் தோளில் 3 செமீ என்பதும் பெரிய தோளில் 3 செமீ என்பதும் ஒன்றல்ல.

பார்ஷியல் டியரில், அதாவது தடிமனில் ஒரு பகுதி மட்டும் கிழிந்திருந்தால், அகலத்தைவிட ஆழம்தான் முக்கியம். 3 மிமீக்குள் முதல் நிலை, 3 முதல் 6 வரை இரண்டாம் நிலை, 6 மிமீக்கு மேல், அதாவது ஏறக்குறைய பாதித் தடிமனைத் தாண்டினால், மூன்றாம் நிலை. அறிக்கையில் வெறுமனே "பார்ஷியல் டியர்" என்று மட்டும் இருந்தால், எத்தனை சதவீத ஆழம், மூட்டுப் பக்கமா, மேலே பர்ஸா (உராய்வைக் குறைக்கும் நீர்ப்பை) பக்கமா, நடுவிலா என்று கட்டாயம் கேளுங்கள்.

அதிகம் ஏமாற்றுவது யு வடிவக் கிழிசல். கொரோனல் படத்தில் முனை 3 செமீ உள்ளே போயிருப்பதாகத் தெரியும். இனி எலும்புவரை இழுக்கவே முடியாது என்று தோன்றும். உண்மையில் முனை அவ்வளவு பின்வாங்கியிருக்காது. நீளவாக்கில் விழுந்த கிழிசலின் இரண்டு ஓரங்களும் முன்னும் பின்னும் விலகியதால்தான் அப்படித் தெரிகிறது. ஓரங்களைப் பக்கவாட்டில் சேர்த்துத் தைத்து வந்தாலே பெரும்பகுதி மூடிவிடும். அதனால் ஒரே ஒரு படத்தை வைத்து முடிவுக்கு வரக்கூடாது.

அளவு பிசகவும் காரணங்கள் உண்டு. தசைநாண் காந்தப்புலத்துக்கு ஏறத்தாழ 55 டிகிரி சாய்ந்து வளையும் இடத்தில், கிழிசல் இல்லாமலே சில வகைப் படங்களில் வெள்ளை தட்டும்; டி2 படத்தில் அது மறைந்துவிட்டால் கிழிசல் இல்லை. அல்ட்ராசவுண்டில் கருவி கொஞ்சம் சாய்ந்தாலே நல்ல இடமும் கறுத்துக் கிழிசல் போலத் தெரியும்; கருவியை நேராக்கினால் போய்விடும். எம்ஆர்ஐ துண்டு ஒவ்வொன்றும் 3, 4 மிமீ தடிமன் என்பதால், அதைவிடச் சிறிய கிழிசல் நழுவிப்போகலாம். ஆர்த்ரோஸ்கோப்பியில் (சிறு துளை வழியே கேமரா நுழைத்துச் செய்யும் சிகிச்சையில்) நைந்த ஓரங்களைச் சுத்தம் செய்த பிறகு, அளவுக் கோடிட்ட புரோப் என்ற மெல்லிய கம்பியால் அளந்தால், ஸ்கேனில் இருந்ததைவிட அளவு கூடியிருப்பது சகஜம்.

தைக்க முடியுமா என்பதை அளவு மட்டும் தீர்மானிப்பதில்லை. தசைக்குள் கொழுப்பு எவ்வளவு ஏறியிருக்கிறது என்பதை 0 முதல் 4 வரை எண்ணிட்டுச் சொல்வார்கள். 3 என்றால் தசையும் கொழுப்பும் சரிபாதி. 4 என்றால் கொழுப்புதான் அதிகம். தைத்தாலும் அந்தத் தசை பழைய நிலைக்கு வருவது அரிது. வலியையும் அளவு மட்டும் தீர்மானிப்பதில்லை: 1 செமீ கிழிசல் தூங்கவிடாமல் வலிப்பதும், பெரிய கிழிசலோடு ஒருவர் வலியில்லாமல் கையைத் தூக்குவதும் உண்டு.

மறுபடி ஸ்கேன் எடுக்கும்போது முதலில் எடுத்த முறையிலேயே எடுங்கள், பழைய சிடியையும் கொண்டுபோங்கள். 1, 2 மிமீ வித்தியாசம் அளப்பவரின் கையிலேயே வந்துவிடும். 5 மிமீ கூடியிருந்தால்தான் கிழிசல் வளர்ந்திருக்கிறது என்று பொதுவாக எடுத்துக்கொள்கிறார்கள்.