அம்மாவும் பதின்மூன்று குழல்களும்

திங்கட்கிழமை இரவு நடந்தது இது. இன்று வியாழக்கிழமை. அம்மா அந்த ரப்பர் கிண்ணத்தை இன்னும் மன்னிக்கவில்லை.

அம்மாவை ஜாஸ் கேட்க அழைத்துப் போக வேண்டும் என்று நான் நினைத்ததே இல்லை. இரண்டு டிக்கெட் வாங்கியது எனக்கும் வீட்டுக்காரிக்கும்தான். கல்யாணமான புதிதில் என் கலை ஆர்வத்துக்கு மரியாதை கொடுத்து எங்கே கூப்பிட்டாலும் வந்தாள். வந்து தூங்கினாள். ஈரான் படம், ஜப்பான் படம், ஹங்கேரிப் படம் என்று எந்த நாட்டுக்கும் பாரபட்சம் காட்டாமல் தூங்கினாள். இந்தத் தடவை மாலை ஐந்து மணிக்குத் தலைவலி என்றாள். தலையைப் பிடித்துக்கொண்டு சொல்லியிருந்தால் நம்பியிருப்பேன். தொலைக்காட்சிக்கு எதிரே தலையணையைச் சரிசெய்தபடி சொன்னாள்.

"அத்தையை அழைத்துப் போங்களேன். அவருக்குத்தான் சங்கீதம் தெரியும்."

அம்மா ஏற்கனவே புடவை மாற்றிக்கொண்டு நின்றாள். மாமியாரும் மருமகளும் ஒத்துப்போகும் அபூர்வமான விஷயங்களில் என்னை மாட்டிவிடுவதும் ஒன்று.

"என்ன ராகம் பாடுவார்கள்?"

"ராகம் என்றெல்லாம் கிடையாது அம்மா. பாடவும் மாட்டார்கள்."

"பிறகு எதற்குப் போகிறோம்?"

போன வாரம் இதே நியூயார்க்கில் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்துக்கு அழைத்துப் போனபோதும் இதே தொனிதான். சோழர் காலப் பார்வதி வெண்கலத்தின் முன்னால் நான் இடுப்பின் வளைவு, மெழுகு வார்ப்பு, காவிரி வண்டல் என்று அரைமணி நேரம் பொரிந்து தள்ளினேன். அம்மா கேட்டது ஒரே ஒரு கேள்வி. "இத்தனை ஏசி போட்ட இடத்தில் ஒரு சிற்றாடைகூடச் சாத்தாமலா நிறுத்தி வைப்பார்கள்?"

ரயிலில் வந்து கிறிஸ்டோபர் தெருவில் இறங்கி நடந்தோம். ஜூன் மாதம், ஏழு மணிக்கும் நல்ல வெளிச்சம். கிறிஸ்டோபர் பூங்கா வந்ததும் அம்மாவுக்கு முழங்கால் பிடித்துக்கொண்டது. நான் சுதாரிப்பதற்குள் பெஞ்சில் இருந்த இரண்டு பெண்களின் பக்கத்தில் போய் உட்கார்ந்து, கைப்பையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டு, "கொஞ்சம் தள்ளி உட்காருங்கள் அம்மா" என்று தமிழிலேயே சொன்னாள். அவர்கள் தள்ளவில்லை. சிற்பி ஜார்ஜ் சீகல் அந்தப் பெண்களை வெண்கலத்தில் வார்த்து வெள்ளை வர்ணம் பூசி வைத்திருக்கிறார். 1992 முதல் அதே பெஞ்சில்தான் இருக்கிறார்கள். சற்றுத் தள்ளி இரண்டு ஆண்கள், அவர்களும் வெள்ளை வெண்கலம். தன்பாலினத்தவர் உரிமைப் போராட்டத்துக்கான நினைவுச் சின்னம் அது. 1969இல் போலீஸ் புகுந்து கலவரம் வெடித்த ஸ்டோன்வால் விடுதி எதிர்ச்சாரியில் இருக்கிறது. ஒரு பெண்ணின் கை இன்னொருத்தியின் தொடைமேல் இருப்பதை அம்மா குனிந்து பார்த்தாள். அக்கா தங்கை என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம் என்று நான் வாயைத் திறந்தேன்.

"எனக்குத் தெரியும்டா. நீ பேசாமல் வா."

இதற்குமேல் எதுவும் சொல்லவில்லை. எழுந்திருக்கும்போது அந்த வெண்கலப் பெண்ணின் தோளைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்தாள்.

வில்லேஜ் வேன்கார்டு, ஏழாவது அவென்யூவில் ஒரு நிலவறை. மேக்ஸ் கார்டன் என்பவர் 1935இல் அங்கே குடிவைத்தது. முதலில் கவிதை, நாட்டுப்பாடல் என்று எல்லாமும் நடந்து, 1957 முதல் முழு நேரமும் ஜாஸ்தான். கீழே இறங்கப் பதினைந்து படிகள். "சாமி பார்க்க ஏறச் சொல்வார்கள். கச்சேரி கேட்க யாராவது பாதாளத்தில் இறக்குவார்களா?" என்று படிக்கொரு முறை நின்று கேட்டாள். கீழே நூற்றுச் சொச்சம் பேர் உட்காரலாம். மேடையை நோக்கிக் குறுகிக்கொண்டே போகும் முக்கோண அறை. சுவர் நெடுக வித்வான்களின் படங்கள். அதைப் பார்த்ததும் அம்மாவுக்கு ஓரளவு நம்பிக்கை வந்தது. மும்மூர்த்திகள் படம் மாட்டாத சபாவை அவள் சபா என்றே ஏற்றுக்கொள்வதில்லை.

அங்கே சாப்பாடு கிடையாது. ஆளுக்கு ஒரு பானமாவது வாங்க வேண்டும். அம்மாவுக்கு ஜிஞ்சர் ஏல் சொன்னேன்.

"இஞ்சியும் ஏலக்காயுமா? நல்லது, தொண்டைக்கு இதம்."

நான் திருத்தவில்லை. இரண்டு வாய் குடித்துவிட்டு, "ஏலக்காய் போதாது" என்று தள்ளி வைத்தாள்.

திங்கட்கிழமை என்றால் அங்கே பெரிய வாத்தியக் குழு. ஜாஸ் வித்வான்கள் தாட் ஜோன்ஸும் மெல் லூயிசும் 1966 பிப்ரவரியில் ஆரம்பித்தது. இருவரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். திங்கட்கிழமை மட்டும் நிற்கவில்லை. பதினாறு பேர். சாக்ஸபோன் ஐந்து, ட்ராம்போன் நான்கு, ட்ரம்பெட் நான்கு, போதாததற்குப் பியானோ, பாஸ் என்கிற ஆளுயரத் தந்தி வாத்தியம், ட்ரம்ஸ். மேடை நம் வீட்டுச் சமையலறையைவிடக் கொஞ்சம் பெரிது, அவ்வளவுதான். ட்ராம்போன்காரர் குழாயை நீட்டும்போதெல்லாம் முன்னால் இருக்கும் சாக்ஸபோன்காரரின் காதுக்கு நூலிழையில் போய்த் திரும்புகிறது. "காதைப் பார்த்துடா, காதைப் பார்த்து" என்று அம்மா முணுமுணுத்துக்கொண்டே இருந்தாள். சாக்ஸபோன் அவளுக்குப் பழக்கம். கத்ரி கோபால்நாத்தை எத்தனையோ டிசம்பர்களில் கேட்டவள். "அவர் ஒருத்தரே போதும் என்றிருந்தது. இங்கே ஐந்து பேரா?" என்றாள். அந்த ஐந்தோடு சேர்த்துப் பதின்மூன்று குழல்களும் ஒரே மூச்சில் கிளம்பியபோது மேஜைமேல் ஜிஞ்சர் ஏல் நடுங்கியது. அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். பயமா சந்தோஷமா என்று அந்த இருட்டில் தெரியவில்லை.

இரண்டாவது உருப்படியில் பிடியை விட்டுவிட்டுத் தொடையில் ஆதி தாளம் போட ஆரம்பித்தாள். இங்குதான் சங்கடம். அந்த ஊர்க்காரர்கள் விரல் சொடுக்குவதும் தலையாட்டுவதும் நாலு எண்ணிக்கையில் இரண்டிலும் நான்கிலும். அம்மாவின் தட்டு ஒன்றில் விழுகிறது. அறை முழுவதும் ஒரு பக்கம், அம்மா ஒரு பக்கம். பக்கத்து மேஜைக்காரர் இரண்டு தடவை திரும்பிப் பார்த்தார். கூட்டத்தோடு போகச் சொல்லி நான் காதில் ஓதினேன். "அவர்கள்தான் எடுப்பைத் தவறவிடுகிறார்கள்" என்றாள்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். பாட்டு முடிந்ததும் என் பக்கம் சாய்ந்து, "நாலு ஆவர்த்தனம் ஒன்று வாசிக்கிறான். திரும்ப அதையே நாலு. அப்புறம் நாலு வேறு மாதிரி. கடைசி நாலில் பழையதே. ஆகப் பதினாறு ஆவர்த்தனம், அதையே சுற்றிச் சுற்றி வருகிறார்கள். சரிதானே?" என்றாள். ஜாஸ்காரர்கள் கணக்கில் பார் என்பது நாலு தட்டுக் கட்டம். முப்பத்திரண்டு பார், மொத்தம் நூற்றிருபத்தெட்டுத் தட்டு. ஆதி தாள ஆவர்த்தனத்துக்கு எட்டு, எட்டால் வகுத்தால் பதினாறு. இந்தக் கணக்குப் பிடிபட எனக்கு ஆறு வருடமும் மூன்று புத்தகமும் ஆயின. அவளுக்கு ஏழு நிமிடம். ஆமாம் என்று சொன்னேன். குரலில் கொஞ்சம் எரிச்சல் இருந்திருக்கலாம்.

அடுத்து மெதுவான பாட்டு. ட்ரம்ஸ்காரர் குச்சியை வைத்துவிட்டுக் கம்பிப் பிரஷ்ஷை எடுத்துத் தோலின்மேல் வட்டமாக வருடினார். உலகத்திலேயே அழகான ஓசைகளில் ஒன்று அது என்பது என் கட்சி. அம்மா நெற்றியைச் சுருக்கினாள். "விளக்கு வைத்த பிறகு பெருக்குகிறானே."

பிறகு அறை அப்படியே அடங்கியது. பாஸ் மட்டும் தனியாகப் பேசுகிறது. இந்த இடத்தின் மகிமையே அதுதான். பேச்சு கூடாது, போட்டோ கூடாது, செல்போன் கூடாது. அந்த நிசப்தத்தில் ஒரு ஜிப் திறந்தது. எங்கே திறந்தது என்று திரும்பிப் பார்க்க எனக்கு அவசியம் இருக்கவில்லை. பிறந்ததிலிருந்து கேட்கும் ஜிப் அது. அடுத்து பிளாஸ்டிக் உறை. அடுத்து, முறுக்கு.

1961 ஜூன் 25, ஞாயிற்றுக்கிழமை, இதே அறையில் பியானோ வித்வான் பில் எவான்ஸ் மூன்று பேராக வாசித்ததைப் பதிவு செய்தார்கள். பியானோ, பாஸ், ட்ரம்ஸ். நடுநடுவே யாரோ கண்ணாடி டம்ளரை வைக்கும் ஓசையும் அதில் இருக்கிறது. பாஸ் வாசித்த ஸ்காட் லஃபாரோ பதினோராம் நாள் கார் விபத்தில் இறந்துபோனார், இருபத்தைந்து வயது. அந்த டம்ளர் ஓசைகளை உலகம் அறுபது வருடத்துக்கு மேலாகப் பக்தியோடு கேட்டுக்கொண்டிருக்கிறது. இந்தத் திங்கட்கிழமை யாராவது பதிவு செய்திருந்தால் எங்கள் வீட்டுத் தேன்குழலும் சரித்திரத்தில் ஏறியிருக்கும்.

அம்மாவுக்கு நாசூக்கு தெரியாது என்று நினைத்துவிடாதீர்கள். முதல் கடியிலேயே நிலைமையைப் புரிந்துகொண்டாள். அதற்குப் பிறகு முறுக்கை வாயில் ஊறவைத்துக் காத்திருந்து, பதின்மூன்று குழல்களும் சேர்ந்து முழங்கும் இடத்தில் மட்டும் கடித்தாள். மிகச் சரியாக எடுப்பில்.

ட்ரம்ஸ் தனியாகக் கிளம்பியதும் கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். தனி ஆவர்த்தனம் என்றால் கேன்டீன் என்பது ஐம்பது வருட மயிலாப்பூர்ப் பழக்கம், கால் தானாகவே எழும். முந்தானையைப் பிடித்து உட்காரவைத்தேன். "ஒருத்தர்கூட எழுந்து போகவில்லையே!" என்று சுற்றிலும் பார்த்து ஆச்சரியப்பட்டாள். அவர்கள்மேல் மதிப்பு உயர்ந்த நேரம் அது. இரண்டே நிமிடம் நிலைத்தது.

நாங்கள் சுவரோரம் உட்கார்ந்திருந்ததால் பின்வரிசை நன்றாகத் தெரிந்தது. ட்ராம்போன்காரர் தன் முறை முடிந்ததும் குழாயின் நுனியைத் தாழ்த்தி, சின்ன மூடியை விரலால் அழுத்தி, ஓசை வராமல் ஊதினார். சொட்டுச் சொட்டாகத் தரையில்.

"எச்சில்," என்றாள் அம்மா.

"இல்லை அம்மா. மூச்சில் இருக்கும் ஈரம் குழாயில் பட்டுக் குளிர்ந்து தண்ணீராகிறது. பெரும்பாலும் வெறும் தண்ணீர்தான்."

"யார் மூச்சு?"

பதில் சொல்வதற்குள் அவர் குனிந்து காலடியிலிருந்து ஒரு ரப்பர் கிண்ணத்தை எடுத்தார். குழலின் வாயை அதால் மூடி மூடித் திறந்து, வா வா என்று அழவைத்தார். ஜாஸ் மேதை டியூக் எலிங்டனின் குழுவில் 1920களிலேயே பெயர்பெற்ற வித்தை. நான் உருகிப்போயிருந்தேன். அம்மா என் விலாவில் இடித்தாள்.

"அது நம் குளியலறையில் இருப்பதுதானே?"

அதேதான். கழிவறை அடைப்பு எடுக்கும் ரப்பர். ஜாஸ் உலகத்தில் பாதிப் பேர் அதைத்தான் கைப்பிடியைக் கழற்றிவிட்டு வாசிக்கிறார்கள். வேறு ஏதோ சாமான் என்று சமாளித்திருப்பேன். ஆனால் சனிக்கிழமை எங்கள் வீட்டில் என்ன நடந்தது, கடைக்குப் போய் எதை வாங்கி வந்தேன், அதைக் கையில் கொடுத்து நின்றது யார் என்பதெல்லாம் அம்மாவுக்கு மறந்துவிடாது. மீதிக் கச்சேரி முழுவதும் மூக்கை முந்தானையால் மூடிக்கொண்டு கேட்டாள். ஆனால் தாளம் மட்டும் நிற்கவில்லை.

திரும்பும்போது ரயில் வரப் பதினெட்டு நிமிடம். நடைமேடையில் அவள் ஒன்றும் பேசவில்லை. நான் கோபம் என்றே நினைத்தேன்.

"எங்கள் மாப்பிள்ளை அழைப்புக்கு பாண்டு வைத்திருந்தார்கள்," என்றாள் திடீரென்று. "மன்னார்குடியில். சிவப்புக் கோட்டு போட்டவர்கள். இதே மாதிரிக் குழல். நான் மாடி ஜன்னலில் ஒளிந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். திறந்த கார், அதில் உன் அப்பா. முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு. இந்த உம்மணாமூஞ்சியோடா காலம் தள்ளப்போகிறோம் என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது. வாசலில் வந்து நின்று, அந்த பாண்டுக்காரன் குழலைத் தட்டி உதறினான் பார். ஆரத்தித் தட்டோடு நின்ற என் பாட்டி மேல், பட்டுப் புடவையில். பாட்டி எச்சில் எச்சில் என்று தெருவே அதிரக் கத்துகிறாள். உன் அப்பா சிரித்துவிட்டார். அடக்கப் பார்க்கிறார், முடியவில்லை, தலைப்பாகை நழுவுகிறது. நானும் மேலே நின்று சிரிக்கிறேன்."

சுரங்கத்துக்குள்ளிருந்து காற்று வந்தது. புடவைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். அப்பா போன பிறகு அவள் வாயிலிருந்து அவர் சிரித்த கதை வந்து நான் கேட்டதில்லை. ஆஸ்பத்திரிக் கதைகள்தான் வரும்.

"அடுத்த திங்கட்கிழமையும் இருப்பார்களா இவர்கள்?"

"இருப்பார்கள் அம்மா."

ரயில் வந்து, ஏறி, இடம் பிடித்து உட்கார்ந்து, ஆற்றுக்கு அடியில் பாதி தூரம் போன பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"அந்த ரப்பரைப் புதிதாகத்தானே வாங்கியிருப்பான்?"