விளிம்பில் அலை திரும்பக் கூடாது: வீட்டு வைஃபையைக் கணக்கிடும் முயற்சி எங்கே நிற்கிறது

பினாங்கு கெலுகோரில் இருக்கும் எங்கள் அடுக்குமாடி வீட்டின் வரைபடத்தைக் கணினியில் ஏற்றி, ரவுட்டரிலிருந்து கிளம்பும் வைஃபை அலை எந்த அறைக்குள் எப்படிப் போகிறது என்று கணக்கிடும் வேலையை ஓய்வு நேரத்தில் செய்துவருகிறேன். எழுதுவது பைத்தானில்; எண் கணக்குகளுக்கான நம்பை (NumPy) நூலகத்தைத் தவிர வேறு எதையும் சேர்க்கவில்லை. கணக்கிடும் இடம் முடிகிற எல்லைப் பகுதி இப்போதுதான் நம்பும்படி வந்திருக்கிறது. இந்த வேலையில் அதிக நேரம் பிடிப்பதும் எனக்கு அதிகம் பிடித்ததும் அந்த இடம்தான் என்பதால் அதைப் பற்றியே எழுதுகிறேன்.

அடிப்படை முறை 1966-இல் கேன் யீ கொடுத்தது. இடத்தைச் சிறு கட்டங்களாகப் பிரித்து, மின்புலத்தையும் காந்தப்புலத்தையும் அரைக் கட்டம் தள்ளி வைக்க வேண்டும். நேரத்திலும் அரைப்படி தள்ளித்தான் இரண்டும் மாறி மாறி முன்னேறும். ரவுட்டரின் ஆன்டெனா நேராக நிற்கிறது. அதனால் செங்குத்து மின்புலம் ஒன்று, கிடைமட்டக் காந்தப்புலம் இரண்டு என்று இருபரிமாணத்தில் நிறுத்திக்கொண்டேன்.

2.45 கிகாஹெர்ட்ஸில் காற்றில் அலைநீளம் 12.2 சென்டிமீட்டர். ஒரு பொருளுக்குள் அலை எவ்வளவு மெதுவாகும் என்பதைத் தீர்மானிக்கும் மின்காப்பு எண், கான்கிரீட்டுக்குச் சுமார் 5 என்று வைத்தால் சுவருக்குள் அது 5.5 சென்டிமீட்டராகச் சுருங்கிவிடும். ஒரு கட்டத்துக்கு 5 மில்லிமீட்டர் எடுத்தேன். சுவருக்குள்ளும் ஓர் அலைக்குப் பதினொரு கட்டம் கிடைக்கிறது. 8 மீட்டருக்கு 10 மீட்டர் என்றால் 32 லட்சம் கட்டங்கள். கணக்கு ஒவ்வொரு முறையும் முன்னேறும் நேர அளவு, அதாவது நேரப்படி, 11.8 பிக்கோ விநாடியைத் தாண்டக் கூடாது. தாண்டினால் எண்கள் சீக்கிரமே வெடித்துச் சிதறிவிடும்.

சரி, விளிம்புக்கு வருவோம். கணினியில் இடம் ஓரிடத்தில் முடிந்தாக வேண்டும். கடைசி வரிசையில் மின்புலத்தை அப்படியே பூஜ்ஜியமாக விட்டால் அங்கே உலோகத் தகடு நிற்கிறது என்று பொருள். போன அலை மொத்தமும் திரும்பி வரும். சில பத்து நானோ விநாடிகளிலேயே திரை முழுக்க எதிரொலி நிரம்பி, எது சுவரில் பட்டு வந்தது, எது விளிம்பில் பட்டு வந்தது என்று பிரிக்க முடியாமல் போகும்.

இதற்கு 1981-இல் கெரிட் மூர் கொடுத்த எல்லை விதி எழுத மிகவும் சுலபம். ஒரு பரிமாணத்தில், ஒளி ஒரு நேரப்படியில் சரியாக ஒரு கட்டம் நகரும்படி வைத்துக்கொண்டால், கடைசிக் கட்டம் தன் பக்கத்துக் கட்டத்தின் முந்தைய மதிப்பை எடுத்துக்கொண்டாலே போதும். ஒரே வரி நிரல். அலை விளிம்பைத் தாண்டிச் சுத்தமாகப் போய்விடும். முதன்முதலாக அதை ஓட்டிப் பார்த்தபோது கிடைத்த மகிழ்ச்சி இன்னும் மறக்கவில்லை.

இருபரிமாணத்தில் அந்த நிம்மதி கிடையாது. திரையில் ஓடிய படத்தைப் பார்த்த அக்கா மகன், "மாமா, மூலைப் பக்கம் மட்டும் ஏன் கோடு கோடா வருது?" என்று கேட்டான். கேள்வி சரியான இடத்தில் விழுந்தது. மூரின் முதல்படி விதி நேராக வந்து மோதும் அலையை மட்டுமே நன்றாக வழியனுப்பும். 45 பாகை சாய்ந்து வந்தால் அலையின் வீச்சில் 17 சதவீதம் திரும்பும். 60 பாகையில் மூன்றில் ஒரு பங்கு. செவ்வக வீட்டில் ஓர் ஓரத்தில் ரவுட்டரை வைத்துவிட்டு இதை ஏற்க முடியாது.

அப்புறம்தான் பிஎம்எல் (PML), அதாவது வரும் அலையைத் திருப்பாமல் விழுங்கும்படி விளிம்பில் போடும் பட்டை. 1994-இல் பெரான்ஜே கண்ட வழி. சாதாரணமாக, அலையின் ஆற்றலை இழக்கச் செய்யும் ஒரு பொருளை விளிம்பில் வைத்தால் அதன் மேற்பரப்பிலேயே ஒரு பகுதி திரும்பிவிடும், ஏனென்றால் மின்புலத்துக்கும் காந்தப்புலத்துக்கும் உள்ள விகிதம் அங்கே மாறுகிறது. காற்றில் அந்த விகிதம் 377 ஓம். மின் இழப்போடு அதற்கு ஈடான காந்த இழப்பையும் சேர்த்துக் கொடுத்தால் விகிதம் மாறாது, நேராக வரும் அலை தடையின்றி உள்ளே நுழையும். இயற்கையில் அப்படி ஒரு பொருள் இல்லை என்பது கணக்குக்குத் தடையல்ல. பெரான்ஜே ஒரு படி மேலே போய், எல்லைக்குச் செங்குத்தான திசையில் மட்டும் இழப்பு வேலை செய்யும்படி புலத்தைப் பிரித்தார். அதனால் எந்தக் கோணத்தில் வந்தாலும் மேற்பரப்பில் எதிரொலி இல்லை. எவ்வளவு அழகான யோசனை! நான் எழுதியிருப்பது 2000-இல் ரோடனும் கெட்னியும் தந்த வடிவம். புலத்தைப் பிரிக்காமல், விளிம்புப் பட்டையில் மட்டும் சில துணை அணிகளை (கூடுதல் எண் வரிசைகளை) வைத்துக்கொண்டால் போதும்.

ஆனால் "எதிரொலி இல்லை" என்பது தொடர்ச்சியான வெளிக்குத்தான் பொருந்தும். கட்டங்களாக வெட்டிய வெளியில் இழப்பு திடீரென்று தொடங்கினால் அந்தப் படிக்கட்டிலேயே அலை தெறிக்கும். பினாங்கின் எஸ்பிளனேட் கடல் சுவரில் மோதும் அலை அப்படியே திரும்புகிறது. பத்து பெரிங்கி கடற்கரையின் சரிவான மணலில் ஏறும் அலை அங்கேயே சோர்ந்துவிடுகிறது. அந்தச் சரிவைத்தான் இங்கேயும் போட வேண்டும்: பத்துக் கட்டப் பட்டையில் இழப்பின் அளவான கடத்துதிறன் பூஜ்ஜியத்தில் தொடங்கி, தூரத்தின் மும்மடிக்கேற்ப உயர்கிறது. உச்சத்துக்குப் பலரும் எடுக்கும் சூத்திரத்தின்படி எனக்கு மீட்டருக்கு 1.7 சீமென்ஸ் வந்தது. அதை வைத்துக் கோட்பாடு சொல்லும் எதிரொலி ஏறக்குறைய கோடியில் ஒரு பங்கு. அளந்தால் கிடைப்பது பத்தாயிரத்தில் ஒரு பங்கையொட்டித்தான். உச்சத்தைக் கூட்டிக்கொண்டே போனால் கோட்பாட்டு எண் இன்னும் குறையும், அளந்த எண்ணோ ஏறும். இந்த இரண்டும் எதிர்த் திசையில் போவதைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்பதற்காகவே இதைக் கையால் எழுதலாம்.

அளக்கும் விதம் எளிது. ஒரே துடிப்பைச் சிறிய வெளியில் ஒருமுறையும், எதிரொலி திரும்ப நேரம் போதாத அளவு பெரிய வெளியில் ஒருமுறையும் ஓட்டி, ஒரே புள்ளியின் மதிப்புகளைக் கழித்தால் மிஞ்சுவது விளிம்பின் எதிரொலி. இதைச் செய்யாமல் உள்ளே வரும் வண்ணப் படத்தை நம்பக் கூடாது என்பது என் கருத்து. படம் எப்போதும் அழகாகத்தான் இருக்கும்.

எழுதுகிறவர்களுக்குச் சொல்ல இரண்டு உண்டு. கடத்துதிறன் மதிப்புகளை மின்புலத்துக்கு முழுக் கட்டத்திலும் காந்தப்புலத்துக்கு அரைக் கட்டத்திலும் தனித்தனியாகக் கணக்கிட வேண்டும். அடுத்து, பக்கத்து வீட்டோடு சேர்ந்த பொதுச்சுவர் விளிம்பைத் தொட்டால், கான்கிரீட்டைப் பிஎம்எல் பட்டைக்குள்ளும் கடைசி வரை நீட்ட வேண்டும். பாதியில் நிறுத்தினால் அந்த வெட்டுமுகத்திலிருந்து அலை திரும்பும். விளிம்பை உரசிக்கொண்டு போகும் அலையைப் பிஎம்எல்லும் சரியாக விழுங்காது; 80 பாகையில் கோட்பாட்டின்படியே 6 சதவீதம் பட்டைக்குள் தேயாமல் அதன் கடைசியில் பட்டுத் திரும்புகிறது. அதனால் ரவுட்டர் இருக்கும் பக்கத்தில் சுவருக்கு வெளியே கொஞ்சம் காலி இடம் விட்டிருக்கிறேன்.

விளிம்பு அடங்கிய பிறகு உள்ளே முதலில் கண்ணில் பட்டது வாசல் கிரில். அதன் செங்குத்துக் கம்பிகளுக்கு இடையே உள்ள தூரம் அலைநீளத்தைவிடச் சற்றே குறைவு, கம்பிகள் நிற்கும் திசைதான் மின்புலத்தின் திசையும். வெளித் தாழ்வாரத்தில் சிக்னல் நான் நினைத்ததைவிட நன்றாகக் குறைகிறது. இருபரிமாணத்தில் அலை தூரத்தோடு மெதுவாகவே தேயும் என்பதால் இந்த எண்களைக் கைப்பேசியில் காட்டும் அளவோடு நேராக ஒப்பிட மாட்டேன். கிரில் உள்ளபோதும் இல்லாதபோதும் வரும் வித்தியாசத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

அடுத்தது முப்பரிமாணம். முழு வீட்டுக்கும் 3 மீட்டர் உயரம் வைத்தால் 192 கோடிக் கட்டங்கள். ஆறு புலங்களுக்கு மட்டும் 46 ஜிபி நினைவகம் வேண்டும். என் மடிக்கணினியில் இருப்பது 16. ஆகவே 3 மீட்டர் கனசதுரமாக ஓர் அறையை மட்டும் எடுக்கிறேன். அதற்கு 5 ஜிபி சொச்சம் போதும், ஆறு பக்கமும் பிஎம்எல் போட்டால் கட்டங்கள் 10 சதவீதம் கூடும். துணை அணிகளைப் பட்டைகளுக்கு மட்டும் ஒதுக்கும்படி நிரலைத் திருத்திக்கொண்டிருக்கிறேன்.